ஒரே பிளாஸ்மாவில் எடுத்த நான்கு என்வ் குளோன்கள் ஆன்டிபாடிக்கு நான்கு விதமாக நடந்துகொள்வது ஏன்?

கேள்வி: குளோன்_நான்கு

வணக்கம். எச்ஐவி-1 கிளேட் சி (வைரஸின் ஒரு துணைவகை). ஒருவரின் ஒரே நாள் பிளாஸ்மாவிலிருந்து எஸ்ஜிஏ முறையில் (ஒற்றை வைரஸ் மரபணுவைத் தனியாகப் பெருக்கும் முறை) எடுத்த நான்கு முழுநீள என்வ் (வைரஸின் மேலுறைப் புரதம்) குளோன்கள் உள்ளன: அ, ஆ, இ, ஈ. சூடோவைரஸாக்கி (ஒருமுறை மட்டும் தொற்றும் வைரஸ்) டிஇசட்எம்-பிஎல் செல்களில் (தொற்றினால் ஒளிரும் செல்கள்) சோதித்ததில் மூன்று ஆன்டிபாடிகளுக்குக் கிடைத்த ஐசி50 (தொற்றைப் பாதியாக்கும் செறிவு) மதிப்புகள், மில்லிலிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்:

விஆர்சி01: அ 0.4, ஆ 0.6, இ 50-க்கு மேல், ஈ 0.03
10-1074: அ, இ, ஈ மூன்றும் 0.1-க்குக் கீழே. ஆ மட்டும் 50-க்கு மேல்
பிஜி9: அ, ஆ, இ மூன்றும் 0.1 பக்கத்தில். ஆனால் கர்வ் 80 சதவீதத்தில் படுத்துவிடுகிறது, 50 மைக்ரோகிராம் வரை போனாலும் ஏறவில்லை. ஈ-யை பிஜி9 தொடவே இல்லை

நான்கிலும் 332-ஆம் இடத்தில் ஆஸ்பராஜின் இருக்கிறது. அப்படியிருந்தும் ஆ ஏன் 10-1074-க்கு மசியவில்லை? இ-யில் எந்த இடங்களைத் தேட வேண்டும்? ஈ ஏன் ஒன்றுக்கு இவ்வளவு எளிதில் விழுந்து இன்னொன்றுக்கு அசையாமல் நிற்கிறது? பிஜி9-இன் 80 சதவீதம் உண்மையா, அஸ்ஸே கோளாறா? அடுத்து இதே ஆளின் பிந்தைய பிளாஸ்மாவை இந்தக் குளோன்கள்மீது போட்டுப் பார்க்க வேண்டும். அப்போது அவர் டோலுடெக்ராவிர் அடங்கிய ஏஆர்டி-யில் (எச்ஐவி மருந்துக் கூட்டு) இருக்கிறார். அதற்கு என்ன செய்வது?

---

பதில் 1: லூப்_டி

முதலில் ஆ. 332-இல் ஆஸ்பராஜின் இருப்பது போதாது, அங்கே கிளைக்கான் (சர்க்கரைச் சங்கிலி) ஏற வேண்டும். ஆஸ்பராஜின், அடுத்தது புரோலின் தவிர எதுவும், அதற்கடுத்தது செரின் அல்லது த்ரியோனின் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் செல் அங்கே சர்க்கரையைக் கோக்கும். எனவே 334-ஐப் பாருங்கள். அது செரினிலிருந்து ஆஸ்பராஜினாக மாறியிருந்தால் 332-இன் கிளைக்கான் அந்த நிமிடமே போச்சு. 336-இல் செரினோ த்ரியோனினோ இருந்தால் கிளைக்கான் 334-இல் போய் உட்கார்ந்துகொள்ளும். இதற்கு வைரஸ் செய்ய வேண்டியது ஒரே ஒரு எழுத்து மாற்றம்: ஏஜிடி, ஏஏடி ஆகிறது. இரண்டு இடம் நகர்ந்த கிளைக்கானை 10-1074 பிடிக்காது. தென்கிழக்கு ஆசியாவில் பரவியிருக்கும் சிஆர்எஃப்01_ஏஇ வைரஸ்களில் கிளைக்கான் இயல்பாகவே 334-இல்தான் இருக்கிறது. 10-1074-உம் அதே இடத்தைப் பிடிக்கும் பிஜிடி121-உம் அங்கே எடுபடாததற்கு முக்கியக் காரணம் இதுவே.

334 சரியாக இருந்தால் அடுத்தது 324 முதல் 327 வரை: கிளைசின், ஆஸ்பார்டிக் அமிலம், ஐசோலூசின், ஆர்ஜினின். ஆன்டிபாடி சர்க்கரையோடு இந்தப் புரத வரிசையையும் தொட்டுத்தான் நிற்கிறது. 325-இன் ஆஸ்பார்டிக் அமிலம் மாறினால் கிளைக்கான் அப்படியே இருந்தும் பிடி விட்டுப்போகும். 10-1074 செலுத்தப்பட்டவர்களிடம் வைரஸ் தப்பித்த வழிகளும் பெரும்பாலும் இந்த மூன்றே: 332, 334, 325.

இந்த நகர்வு எதிர்த்திசையிலும் நடக்கும், அதுதான் இந்த இடத்தின் அழகு. டர்பனின் காப்ரிசா ஆய்வில் கேப்177, கேப்314 என்ற இரு பெண்களிடம் தொற்றிய வைரஸில் 332 கிளைக்கான் இல்லை, 334-இல் இருந்தது. முதலில் எழுந்த ஆன்டிபாடிகளிடமிருந்து தப்பிக்க வைரஸ் அதை 6 மாதத்துக்குள் 332-க்கு நகர்த்தியது. பின்னர் அவர்களுக்குள் எழுந்த பரந்த வீச்சுள்ள ஆன்டிபாடிகள் குறிவைத்தது சரியாக அந்த 332 கிளைக்கானைத்தான். இது 2012-இல் வெளியானது. ஒரு நாளைய குளோனை மட்டும் வைத்து "இந்த வைரஸ் இப்படித்தான்" என்று எழுதிவிடாதீர்கள்.

இப்போது இ. விஆர்சி01 கால் வைப்பது, செல்லின் சிடி4 ஏற்பி வைரஸோடு பிணையும் இடத்தில். தேட வேண்டியது மூன்று துண்டுகள்: 276 முதல் 282 வரையான லூப் டி, 364 முதல் 374 வரையான சிடி4 பிணைப்பு லூப், 455-இலிருந்து வி5 (என்வின் ஐந்தாவது மாறுபடும் பகுதி) முடியும் வரை. லூப் டி-யில் முதல் சந்தேகம் 280: ஆஸ்பராஜின், ஆஸ்பார்டிக் அமிலம் ஆகியிருக்கிறதா? இதுவும் ஓர் எழுத்து மாற்றமே. 279-ஐயும் சேர்த்துப் பாருங்கள். அடுத்து 456-இன் ஆர்ஜினின், 458-இன் கிளைசின். 458-இல் கிளைசினைத் தவிர எது வந்தாலும் பக்கச்சங்கிலி நீட்டிக்கொண்டு விஆர்சி01-ஐ இடிக்கலாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் வி5. இங்கே ஒற்றை எழுத்தைத் தேடிப் பயனில்லை, நீளத்தையும் கிளைக்கான் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். 460-க்குப் பிறகு இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் கூடுதலாக நுழைந்து கூடவே ஒரு கிளைக்கானும் ஏறினால் ஆன்டிபாடிக்கு நுழைய இடமே இருக்காது. தானியங்கி அலைன்மென்ட் மென்பொருள்கள் வி1, வி2, வி4, வி5 நான்கிலும் தாறுமாறாக இடைவெளி போடும். எச்எக்ஸ்பி2 (இட எண்களுக்கான ஒப்பீட்டு வைரஸ்) எண்ணை அங்கே அப்படியே நம்பாமல் கையால் சரிசெய்யுங்கள்.

276 கிளைக்கானில் ஒரு எச்சரிக்கை. அது போனால் விஆர்சி01-க்குப் பொதுவாக வேலை சுலபமாகும், ஏனென்றால் அதற்கு அது தடை. எச்ஜே16, 8ஏஎன்சி195 என்ற ஆன்டிபாடிகள் அந்தக் கிளைக்கானையே சார்ந்தவை. சிடி4 பிணையும் பகுதி என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒரே மாற்றம் ஓர் ஆன்டிபாடிக்குக் கதவைத் திறந்து இன்னொன்றுக்கு மூடும்.

---

பதில் 2: பிளேட்_ரீடர்

சீக்வென்ஸுக்குள் இறங்குமுன் அந்த எண்களை நம்பலாமா என்று பார்த்துவிடுங்கள். நான்கு குளோன்களை ஒப்பிடும்போது மூன்று மடங்கு வித்தியாசம் வரை அஸ்ஸேயின் இயல்பான ஆட்டமே. 0.4-உம் 0.6-உம் ஒன்றுதான். 0.4-உம் 50-உம் வேறு.

சரிபார்க்க வேண்டியவை: வெல்லுக்கு (பிளேட்டின் ஒரு குழி) 10,000 செல், 100 மைக்ரோலிட்டரில். ஆன்டிபாடி நீர்ப்பு 150, வைரஸ் 50, ஆக 200 மைக்ரோலிட்டர். 37 டிகிரியில் 1 மணி நேரம் வைத்தபின் செல்லைச் சேர்த்தால் 300. ஆன்டிபாடி செறிவை 200-இல் கணக்கிட்டீர்களா, 300-இலா? இரண்டுக்கும் 1.5 மடங்கு வித்தியாசம் வரும். எதுவானாலும் எல்லா பிளேட்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும், முறைப்பகுதியில் எழுதியும் விடுங்கள். வெளியில் வந்த மதிப்புகளோடு ஒப்பிடும்போது இது பலமுறை குழப்பும். தொற்றைக் கூட்டச் சேர்க்கும் டிஇஏஇ-டெக்ஸ்ட்ரான் ஒவ்வொரு லாட்டிலும் மாறும். புது பாட்டிலைத் திறந்தால் மில்லிலிட்டருக்கு 10 முதல் 40 மைக்ரோகிராம் வரை வைத்துப் பார்த்து, செல்லுக்கு நஞ்சாகாமல் தொற்று உயரும் அளவை எடுங்கள். 48 மணி நேரம் கழித்து லூசிஃபெரேஸ் ஒளியைப் படியுங்கள்.

வைரஸ் மட்டும் உள்ள வெல்களின் ஆர்எல்யூ (ஒளி அளவு), செல் மட்டும் உள்ள வெல்களைவிட 10 மடங்காவது இருக்க வேண்டும். இரட்டை வெல்களுக்குள் வித்தியாசம் 30 சதவீதத்தைத் தாண்டினால் அந்தப் புள்ளியைத் திரும்பச் செய்யுங்கள். வைரஸ் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் ரீடிங் அழகாக வரும், ஐசி50 மட்டும் தப்பாக மேலே போகும். நான்கு குளோன்களையும் ஒரே ஆர்எல்யூ எல்லைக்குள் கொண்டுவந்து போடாவிட்டால் ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை. பிளேட்டின் ஓர வெல்கள் ஆவியாகி உலரும், டைட்ரேஷனை அங்கே வைக்காதீர்கள்.

இனி பிஜி9-இன் 80 சதவீதம். இரண்டு காரணங்கள் இருக்கலாம், ஒன்றை எளிதில் ஒதுக்கலாம். பிளாஸ்மிட் கலப்பா என்று பாருங்கள்: கிளிசரால் ஸ்டாக்கைத் தட்டில் கீறித் தனிக் காலனி எடுத்து, என்வ் முழுவதையும் மறுபடி சீக்வென்ஸ் செய்து, புதிய டிஎன்ஏ-யில் வைரஸ் செய்யுங்கள். டி75 ஃபிளாஸ்கில் 293டி செல்லுக்கு என்வ் 4 மைக்ரோகிராம், பிஎஸ்ஜி3 டெல்ட்டா-என்வ் பேக்போன் (என்வ் நீக்கிய வைரஸ் மரபணு) 8 மைக்ரோகிராம் போதும். ஐந்தில் ஒரு பங்கு வேறு என்வ் கலந்திருந்தாலும் கர்வ் இதேபோல் 80-இல் நிற்கும்.

தூய குளோனிலும் 80 வந்தால் அது வைரஸின் குணம். பிஜி9 பிடிப்பது 156, 160 கிளைக்கான்களையும் அவற்றை ஒட்டி 168 முதல் 171 வரை ஓடும் நேர்மின் வரிசையையும். 160-இல் மூன்று எழுத்து வரிசை சரியாக இருந்தாலும் எல்லாத் துகளிலும் ஒரே வகைச் சர்க்கரை ஏறுவதில்லை. சிலவற்றில் பிஜி9-க்குப் பிடிக்காத வடிவம், சிலவற்றில் வெறுமை. சீக்வென்ஸ் ஒன்று, துகள்கள் பலவிதம். சோதிக்க வேண்டுமானால் கிஃபுனென்சின் சேர்த்து வைரஸ் உற்பத்தி செய்யுங்கள். கிளைக்கான்கள் எல்லாம் ஒன்பது மானோஸ் நிலையிலேயே நின்றுவிடும், பிஜி9-இன் பிடி தளரும். கர்வ் கீழிறங்கினால் சர்க்கரை வடிவம்தான் காரணம் என்பதற்கு அது வலுவான குறிப்பு. உச்ச முடக்க சதவீதத்தையும் அட்டவணையில் தனிப் பத்தியாகக் கொடுங்கள், ஐசி50 இதை மறைத்துவிடும்.

ஏஆர்டி பிளாஸ்மா: நேரடியாகப் போடவே போடாதீர்கள். டிஇசட்எம்-பிஎல்லில் ஒளி வர ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷனும் ஒருங்கிணைப்பும் நடந்தாக வேண்டும். டோலுடெக்ராவிர் அதைத் தடுத்தால் அது ஆன்டிபாடி போலவே தெரியும். அந்த மருந்து பிளாஸ்மா புரதத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதால் வெறும் டயாலிசிஸை நம்ப முடியாது. புரோட்டீன் ஜி பத்தியில் ஐஜிஜி-யைப் பிரித்தெடுங்கள். புரோட்டீன் ஏ ஐஜிஜி3-ஐ விட்டுவிடும், அதனால் வேண்டாம். பத்தியைப் பல கொள்ளளவு பஃபரால் கழுவி, பிஎச் 2.7-இல் இறக்கி, துளி விழும் குழாயிலேயே டிரிஸ் வைத்து உடனே சமன்செய்து, பிபிஎஸ்-க்கு மாற்றுங்கள். கூடவே எம்எல்வி (எலி வைரஸ்) என்வ் போட்ட அதே பேக்போன் வைரஸைக் கட்டாயம் ஓட்டுங்கள். அதையும் முடக்கினால் மருந்து இன்னும் ஒட்டியிருக்கிறது, அல்லது வேறு ஏதோ குறிப்பில்லாத தடை. அந்த மாதிரியின் எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது. ரத்தம் ஹெப்பாரின் குழாயில் எடுத்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஹெப்பாரினே வைரஸ் நுழைவைத் தடுக்கும்.

---

பதில் 3: கிளேட்_சி_ஆள்

ஈ-யைப் பற்றி யாரும் சொல்லவில்லை, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. விஆர்சி01-க்கு 0.03, பிஜி9-க்கு பூஜ்யம். இரண்டையும் தனித்தனி எபிடோப் (ஆன்டிபாடி பிடிக்கும் இடம்) மாற்றமாகப் பார்த்தால் விடை கிடைக்காது. டிரைமரே (மூன்று என்வ் சேர்ந்த கூட்டு) திறந்து நிற்கிறது என்று எடுத்துக்கொண்டால் இரண்டும் ஒரே சமயத்தில் விளங்கும். பிஜி9-க்கு மூன்று ஜிபி120-உம் (என்வின் வெளிப்பகுதி) மேல்முனையில் கூடி மூடியிருக்க வேண்டும். அந்த முனை குலைந்தால் அதற்கு இடமில்லை. அதே குலைவில் சிடி4 பிணையும் இடமும் வி3-உம் வெளியே வரும்.

சோதனை எளிது. வழக்கமாக ஒரு டியர் 2 (எளிதில் முடங்காத) வைரஸை ஒன்றும் செய்யாத ஆன்டிபாடிகளைப் போடுங்கள்: கரையும் சிடி4 சேர்க்காமல் 17பி, அதோடு எஃப்105, ஒரு வி3 ஆன்டிபாடி. இவற்றுக்கு ஈ விழுந்தால் அது டியர் 1 (எளிதில் முடங்கும்) குணம். வி3-க்கு 447-52டி-யை எடுக்காதீர்கள். அது வி3 உச்சியில் கிளைசின்-புரோலின்-கிளைசின்-ஆர்ஜினின் வரிசையை எதிர்பார்க்கிறது. கிளேட் சி-யில் கடைசி இடத்தில் பெரும்பாலும் குளூட்டமின்தான். டிரைமர் எவ்வளவு திறந்திருந்தாலும் முடக்காது, "மூடியிருக்கிறது" என்று தவறாக எழுதிவிடுவீர்கள். 3074 அல்லது 2219 போன்ற பல கிளேட்டையும் பிடிக்கும் ஒன்றை எடுங்கள்.

திறப்புக்கான காரணம் எபிடோப்பில் இருக்க வேண்டியதே இல்லை. 197 கிளைக்கான் போயிருக்கிறதா பாருங்கள், அது சிடி4 இடத்துக்கும் வி3-க்கும் காவலாக நிற்பது. ஜிபி41-இல் (என்வின் சவ்வில் பதிந்த பகுதி) 569-இன் த்ரியோனின் அலனைன் ஆவதும், 675-இன் ஐசோலூசின் வாலின் ஆவதும் தூரத்திலிருந்தே பல ஆன்டிபாடிகளுக்குக் கூர்மையைக் கூட்டும். சைட்டோபிளாச வால் வெட்டுப்பட்டிருக்கிறதா என்பதும் பார்க்கத் தகுந்தது. எஸ்ஜிஏ செய்தபின் அதை வெக்டருக்குள் கொண்டுபோக மறுபடி பிசிஆர் செய்திருப்பீர்கள். அதில் நுழைந்த பிழையா என்பதை எஸ்ஜிஏ ஆம்ப்ளிகானின் நேரடி சீக்வென்ஸோடு ஒப்பிட்டு ஒதுக்குங்கள். ஓடும் ரத்தத்தில் ஆன்டிபாடிகளின் நடுவே வாழும் வைரஸ் இவ்வளவு திறந்திருப்பது அரிது, அதனால் இந்த ஐயத்தை முதலில் தீர்க்க வேண்டும்.

கிளேட் சி என்பதால் இரண்டு வார்த்தை. 2ஜி12, 2எஃப்5 என்ற ஆன்டிபாடிகள் பேனலில் இருந்தால் பெரும்பாலும் முடக்கமே கிடைக்காது. 2ஜி12-க்கு வேண்டிய 295 கிளைக்கான் இந்தக் கிளேட்டில் பெரும்பாலும் இல்லை. 2எஃப்5 தேடும் ஆஸ்பார்டிக் அமிலம்-லைசின்-டிரிப்டோஃபான் வரிசையில் லைசின் இடத்தில் செரின் இருக்கும். கேப்256-விஆர்சி26.25 ஆன்டிபாடியை வைத்துப் பாருங்கள், கிளேட் சி-க்கு அது மிக வலிமையானது. அதற்கு 169-இல் லைசின் அல்லது ஆர்ஜினின் வேண்டும். அங்கே குளூட்டமிக் அமிலம் வந்துவிட்டால் விட்டுவிடும்.

---

குளோன்_நான்கு

மூவருக்கும் மிக்க நன்றி. சீக்வென்ஸைத் திறந்து பார்த்தேன். ஆ-வில் 334 ஆஸ்பராஜின், 336 த்ரியோனின். இ-யில் 280, 456, 458 மூன்றும் அ-வைப் போலவே. ஆனால் வி5-இல் 3 அமினோ அமிலங்கள் கூடுதல், ஒரு கிளைக்கான் இடமும் கூடுதல். 279-இலும் ஒரு மாற்றம் இருக்கிறது. ஈ-யில் 197 கிளைக்கான் அப்படியே உள்ளது, ஜிபி41-இல் மட்டும் மூன்று வித்தியாசங்கள். இ-யில் வி5-ஆ 279-ஆ என்று எப்படிப் பிரிப்பது?

---

பதில் 4: லூப்_டி

மாற்றிப் போட்டுத்தான். அ-வின் பிளாஸ்மிட்டில் 279-ஐ மட்டும் இ போல ஆக்குங்கள், இன்னொன்றில் வி5-ஐ மட்டும், மூன்றாவதில் இரண்டையும். பிறகு இ-யின் பிளாஸ்மிட்டில் அதே மூன்றையும் அ போலத் திருப்புங்கள். ஆறு மியூட்டன்ட், இரண்டு தாய்க் குளோன், எட்டையும் ஒரே நாளில் ஒரே செல் பாசேஜில் போடுங்கள். ஒருபக்கம் மட்டும் செய்தால் போதாது. அ-வில் எதிர்ப்பைக் கொண்டுவரும் மாற்றம், இ-யில் திருப்பினாலும் எதிர்ப்பைப் போக்காமல் இருக்கலாம், மற்றது தாங்கிக்கொள்ளும். இரண்டு திசையிலும் ஒத்து வந்தால்தான் காரணம் என்று சொல்ல முடியும்.

279-க்கு சாதாரண சைட்-டைரக்டட் மியூட்டஜெனிசிஸ் போதும். டிபிஎன்1 நொதி கொண்டு தாய் டிஎன்ஏ-யை 37 டிகிரியில் 1 மணி நேரம் வெட்டுங்கள். குறைத்தால் தாய்க் காலனிகளே அதிகம் வரும். வி5-இன் 3 அமினோ அமிலங்களுக்கு ஓவர்லேப் பிசிஆர் நல்லது. என்வ் பிளாஸ்மிட் சில பாக்டீரியாவில் மறுசேர்க்கையாகித் துண்டு இழக்கும். ஸ்டெபிள்2 வகைச் செல்லில் 30 டிகிரியில் வளருங்கள். ஒவ்வொரு மியூட்டன்ட்டிலும் என்வ் முழுவதையும் சீக்வென்ஸ் செய்யுங்கள், மாற்றிய பகுதியை மட்டும் அல்ல.

தொற்றுத்திறனையும் எழுதிவையுங்கள். 279, 280 இரண்டும் சிடி4 தொடும் இடத்திலேயே இருக்கின்றன. அங்கே மாற்றினால் வைரஸும் விலை கொடுக்கும். தொற்று பல மடங்கு விழுந்த மியூட்டன்ட்டில் வரும் ஐசி50-ஐ ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள். இ-யில் 279-இன் இழப்பை வி5 ஈடுகட்டுகிறதா என்பதே சுவையான கேள்வியாக இருக்கலாம்.

ஈ-க்கும் இதே வழிதான். ஜிபி41-இன் மூன்றையும் ஒவ்வொன்றாக அ-வுக்குக் கொண்டுபோங்கள்.

---

பதில் 5: பிளேட்_ரீடர்

ஒன்று விட்டுப்போனது. இறுதி அட்டவணையில் ஐசி80-ஐயும் (80 சதவீதம் முடக்கும் செறிவு) கொடுங்கள். விஆர்சி01-ஐ 8 வாரத்துக்கு ஒருமுறை செலுத்தித் தொற்றைத் தடுக்க முயன்ற ஏஎம்பி சோதனைகளில் 4,623 பேர் பங்கேற்றார்கள், முடிவு 2021-இல் வெளியானது. மொத்தமாகப் பார்த்தால் தடுப்பு நிரூபணமாகவில்லை. ஐசி80 மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்குக் கீழே உள்ள வைரஸ்களை மட்டும் எடுத்தால் தடுப்புத்திறன் 75.4 சதவீதம். அங்கே பரவியிருந்த வைரஸ்களில் சுமார் 30 சதவீதமே அந்த வகை. எனவே உங்கள் அ, ஐசி50 0.4 என்பதால் "விஆர்சி01-க்குப் பணிவது" என்று எழுதும்முன் கணக்குப் போடுங்கள். கர்வின் சாய்வு 1 என்றால் ஐசி80 அதன் நான்கு மடங்கு, அதாவது 1.6. சாய்வு 0.5 என்றால் 16 மடங்கு, 6.4. இரண்டுமே அந்த எல்லைக்கு வெளியே. பிஜி9-க்கு 80-இல் படுத்த கர்விலிருந்து ஐசி80-ஐ மென்பொருள் ஏதோ ஓர் எண்ணாகத் துப்பும், அதை எடுக்காமல் "எட்டவில்லை" என்று போடுங்கள். இதற்கு 50-இலிருந்து மூன்று மடங்கு நீர்ப்பில் எட்டுப் புள்ளிகள் போதும். ஈ-க்கு விஆர்சி01 போடும்போது மட்டும் 5-இலிருந்து தொடங்குங்கள், இல்லாவிட்டால் கர்வின் அடிப்பாகம் கிடைக்காது.